விளங்காத கை

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் நாச்சிமுத்து, என் பெண்டாட்டியின் தம்பி. அவனுக்குப் பிறகு செய்தவர்களும் உண்டு. கேரட் கழுவுகிற பட்டறையில் என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் வந்தவனை மேஸ்திரி ஆக்கினார்கள், அது ஒன்று. தெருக்குழாயை எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நட்டார்கள், அது ஒன்று. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் வகுப்போடு நின்றவன் எழுதி வைத்துக்கொள்ள வழியில்லை, மனசுக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மனசுக்குள் வைத்தது மழையில் நனையாது. ஆனால் முதல் ஆள் நாச்சிமுத்துதான். பத்தொன்பது வருஷமாக அவனை நினைக்காமல் எனக்கு ஒரு காலையும் விடிந்ததில்லை, திருப்பூரில் இருக்கிற என் மகனைக்கூட நான் அப்படித் தினமும் நினைத்ததில்லை. இன்றைக்கு மட்டும் நினைக்கக் கூடாது என்றுதான் இந்தப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பெட்டைக்கோழி சாம்பலி கூடைக்குள் போயிருக்கிறாள். ஆறரை மணிக்குக் கூண்டைத் திறந்தேன், மற்ற ஐந்து பெட்டைகளும் சேவலும் தீனிக்கு ஓடிவந்தன, இவள் மட்டும் வரவில்லை. வெளியே ஒரு எட்டு வைத்தாள், கழுத்தை நீட்டிப் புல்லைப் பார்த்தாள், புல்லில் இன்றைக்குப் பனி வெள்ளை இல்லை, வெறும் ஈரம்தான், திரும்பிப் போய்க் கூடையில் ஏறினாள். நான் போட்டு வைத்திருக்கிற கூழாங்கல்லை அலகால் உருட்டினாள். முட்டை மாதிரியே உருண்டையான கல், பவானி ஆற்றில் பொறுக்கியது, பெட்டைகளுக்கு இடம் காட்டுவதற்காகக் கூடையில் கிடக்கிறது. உருட்டி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிலிருந்து நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நேராகப் பார்க்கக் கூடாது. பெட்டைக்கு வெட்கம் உண்டு, உற்றுப் பார்த்தால் எழுந்து போய்விடும், போனால் முட்டை உள்ளேயே நின்றுவிடும். அதனால் கற்பூர மரத்தைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் கூடையில் வைத்திருக்கிறேன். பாப்பாத்தி டீ டம்ளரோடு வந்தாள், பார்த்தாள், "கோழி போடறதுக்கு முன்னாடி நீங்க போட்ருவீங்களாட்ட இருக்குது" என்றாள். நான் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கிச் சத்தமில்லாமல் குடித்தேன். இன்றைக்கு மாசி பத்து.

மாசி பத்து என்று நானேதான் சொன்னேன். வாய் இருக்கிறதே. தை பாதியில், ஜோசப் டீக்கடையில், அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வெளியே குழாய்த் தண்ணீர் கண்ணாடியாக நிற்கிறது. கார்த்திகை கடைசியிலிருந்து இந்தப் பள்ளத்தில் ஒரு வீட்டிலும் முட்டை இல்லை, குழந்தை பெற்றவளுக்குக்கூட ஊட்டிக் கடையிலிருந்து வெள்ளை முட்டை வாங்கி வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் பனியில் முட்டை நிற்கும், ஆனால் இந்த வருஷம் மாதிரி நான் பார்த்ததில்லை, உருளைக்கிழங்குச் செடியெல்லாம் ஒரே ராத்திரியில் அவித்த கீரை ஆகிவிட்டது. நாச்சிமுத்து மப்ளருக்குள்ளிருந்து சொன்னான், "மாமா, இந்தப் பனியில பெட்டைக்குள்ள இருக்கற கருவெல்லாம் கருகிப்போயிருக்கும். இனி அதுக குழம்புக்குத்தான் ஆகும். அதுலயும் வளக்கற கை யாரு கை!" சிரித்தார்கள். ஜோசப்கூடச் சிரித்தான், பால் பொங்கியதைக் கவனிக்காமல் சிரித்தான், அது அவனுக்குச் சரியாக வேண்டும். நான் சொன்னேன், "மாசி பத்துக்குள்ள இந்தப் பள்ளத்துக்கே மொத முட்டை எங்கூட்டுலதான் விழும்." "விழுகாட்டி?" "விழுகாட்டி அத்தனையும் அறுத்து உனக்கே ஆக்கிப் போடறன்." "மாமா வாய்லயே வருது, கேட்டுக்கங்கப்பா, சாட்சி ஜோசப்பு." "விழுந்தா?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் டீயை ஊதினான். "விழுந்தா நாஞ்சொன்ன சொல்லத் திரும்ப வாங்கிக்கறன்." எந்தச் சொல் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, ஜோசப்பும் மற்றவர்களும் கோழியைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சாம்பலி கூடையில் அசைகிறாள், வைக்கோல் சத்தம், எழுந்துவிட்டாளா, இல்லை, திரும்பி உட்காருகிறாள். தலையை இந்தப் பக்கம் வைத்தவள் அந்தப் பக்கம் வைக்கிறாள். நல்லது. மூன்று தரம் திரும்பினால் நல்லது. நேற்றுச் சாயங்காலம் அவள் முதுகில் கை வைத்தேன், இறக்கையை விரித்துப் பதுங்கினாள், பின்னெலும்பு இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் போனது, தை மாதம் ஒரு விரல்கூடப் போகவில்லை. கொண்டை வெளிறிக் கிடந்தது, இப்போது பழுத்த மிளகாய். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் விரல் எனக்குச் சொன்னது. இந்தப் பள்ளத்தில் பெட்டையைத் தூக்கிப் பார்த்து இன்ன கிழமை முட்டை விழும் என்று சொல்ல வேறு எவனுக்குத் தெரியும், கூப்பிடுங்கள் பார்ப்போம்.

எட்டு இருந்ததில் ஒன்றுதான் போனது. கருப்பி போனாள், அவள் வயசானவள், அவளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆறு பெட்டை, ஒரு சேவல், ஏழு உயிரை அந்தப் பனியிலிருந்து நான் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். சேவலுக்குக் கொண்டை நுனி மட்டும் கருகியது, தினமும் தேங்காய் எண்ணெய் தடவினேன். காலையும் மாலையும் வெந்நீர், வாய் பொறுக்கிற சூடு. ராகியை வறுத்து மிளகு தட்டிப் போட்டுப் பிசைந்த உருண்டை, கருவாட்டுத் தலைப் பொடி, கிளிஞ்சலை நானே அம்மியில் தட்டியது. கூண்டுக்கு மூன்று பக்கம் கேரட் சாக்கு இரண்டு அடுக்கு, நான்காம் பக்கம் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாண்தான் விஷயம். நாச்சிமுத்து வந்து பார்த்து, "என்ன மாமா, இங்க காத்து வருதே, அடைக்காம விட்டுட்டீங்க" என்றான். காற்று கோழியின் தலைக்கு மேலே போகவேண்டும், அது மூச்சு விட்டு விட்டு உள்ளே சேருகிற ஈரத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும். குளிரைத் தாங்குகிற இறகு அதற்கு இருக்கிறது, ஈரத்தைத் தாங்குகிற இறகு இல்லை. அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? சொல்லியிருக்கலாமோ? ஒரு வார்த்தை. அவன் போய் அவன் கூண்டை மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கிக் கட்டினான், ஒரு ஊசி ஓட்டை விடவில்லை, உள்ளே கரிச்சட்டி வேறு வைத்தான். பதினொன்று. மிஷினில் பொரித்து வாங்கி வந்த கோழி பதினொன்றும், மார்கழி இருபதாம் தேதி காலையில் அவன் தாளை அவிழ்த்தபோது உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, பதினொன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அடுத்த வீடுதான், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவன் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து எடுத்து வைத்தான். நான் சந்தோஷப்பட்டேனா? படவில்லை. படவில்லை என்றுதான் நினைக்கிறேன். குளிருக்குப் பயந்து பயந்துதான் அவன் எல்லாவற்றையும் கொல்லுகிறான், அன்றைக்கும் அப்படித்தான், அந்த முட்டையும் அப்படித்தான்.

வேண்டாம் என்றாலும் புத்தி அங்கேதான் போய் நிற்கிறது. அந்தக் காலத்தில் பள்ளத்தில் எவர் வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "வெள்ளிங்கிரியண்ணங் கையால வெச்சாத்தான் பொரிக்கும்" என்பார்கள். எனக்கு வேறு என்ன இருந்தது? நிலம் இல்லை, படிப்பு இல்லை, கல்யாணப் பத்திரிகையில் பேர் போடுகிற அளவுக்கு ஆள் இல்லை. கை இருந்தது. குளித்துவிட்டுப் போவேன். கூடையில் தவிடு பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் ஓரத்தில் செருகி, முட்டையை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து, ஒற்றைப்படையாக வைப்பேன், பதினொன்றோ பதின்மூன்றோ. வைக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்ப்பார்கள். பெரிய டாக்டர் கையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். இருபத்தோராம் நாள் ஆளனுப்புவார்கள், அண்ணா, பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு என்று. அப்படி இருந்தபோதுதான் நாச்சிமுத்து பல்லடத்துப் பக்கம் போய்ப் பெருஞ்சாதிக் கோழியின் முட்டை பதின்மூன்று வாங்கி வந்தான், ஊரெல்லாம் சொல்லி வாங்கி வந்தான், சேவல் இரண்டடி நிற்கும் என்றான். நான்தான் வைத்தேன். இருபத்தோராம் நாள் ஒன்றும் வரவில்லை. இருபத்து நான்காம் நாள் நாற்றம் வந்தது. பதின்மூன்றும் கூமுட்டை. மாரியம்மன் கோயில் பூச்சாட்டு, ஊர் முழுக்க நிற்கிறது, அவன் சொன்னான், "மாமங் கை வெளங்காத கை. தெரிஞ்சும் குடுத்தம் பாரு, நாந்தான் முட்டாளு." அந்தச் சொல்தான். அதற்குப் பிறகு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. சண்டை போட்டுக் கூப்பிடாமல் இல்லை, சும்மா கூப்பிடவில்லை. பார்த்தால் சிரிப்பார்கள், சாப்பிட்டீங்களாண்ணா என்பார்கள், அவர்கள் வீட்டுப் பின்பக்கம் அடைக்கோழி இருக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். எட்டு வருஷம் கழித்துத்தான் தங்கையன் சொன்னான். அவன் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், கேரட் பட்டறைக்குச் சாக்கு ஏற்ற வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னான். "உங்க மச்சினரு ஒரு தடவ முட்டப் பையக் கொண்டாந்து இஞ்சின் பானெட்டு மேல வெச்சுட்டு வந்தாருங்ணா. கல்லார்ல இருந்து இங்க வரைக்கும். எடுங்க, ஆம்லெட் ஆயிரும்னேன். மேல போகப் போகக் குளிரும், முட்டைக்குச் சூடு வேணுமில்லன்னாரு. கட்டிப் புடிச்சிட்டுத் தூங்கிட்டாரு." தங்கையன் சிரித்தான். நான் ஒரு மூட்டைக்கு இரண்டு மூட்டையாகத் தூக்கிப் போட்டேன் அன்றைக்கு. பானெட்டு மேல். மூன்றரை மணி நேரம். அது அவனுக்குத் தெரியும். வைக்கும்போதே தெரியும். கோயில் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது தெரியும். எனக்குத் தெரியும் என்று நான் இதுவரை அவனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பாப்பாத்தியிடம்கூட. நான் சொன்னால் அது என் வாயிலிருந்து வந்ததாகிவிடும். அவன் வாயிலிருந்து போனது, அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

சாம்பலி ஒரு சின்னச் சத்தம் போட்டாள். முட்டை போட்டுவிட்டுக் கத்துகிற கேறல் இல்லை, தனக்குத்தானே முனகுவது. வெயில் கற்பூர மரத்து நடுக்கிளைக்கு வந்துவிட்டது. சேவல் கூண்டு வாசலில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு காவல் இருக்கிறான், அவனும் உள்ளே பார்க்கவில்லை, அவனுக்குத் தெரிகிறது. விழாவிட்டால் என்ன செய்வேன்? ஏழையும் அறுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, ஜோசப் சாட்சி. சாம்பலியை நானே பிடிக்கவேண்டும், அவள் என்னிடம் வந்து பதுங்குவாள், முதுகில் கை வைத்தால் பதுங்குகிறவள், அந்தக் கையால். விளங்காத கை. இந்தச் சொல் வந்தால் நான் கோயிலைத்தான் நினைக்க வேண்டும், நாச்சிமுத்துவின் வாயைத்தான் நினைக்க வேண்டும், ஆனால் எனக்குப் பாப்பாத்தியின் முகம்தான் வருகிறது. அவள் என் பக்கத்தில் தேங்காய்ப் பையோடு நின்றிருந்தாள். தம்பி அப்படிச் சொன்னதும் அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்துகொண்டாள். ஏன் குனிந்தாள்? பத்தொன்பது வருஷமாக நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை. எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். மார்கழியில் பிறந்தது. அப்போது தோட்டத்துக் குடிசை, தகரக் கூரை, உள்ளேயும் பனிதான். பதினோரு நாள் இருந்தது. பாப்பாத்திக்குக் காய்ச்சல், தூங்கட்டும் என்று குழந்தையை நான் வாங்கி ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கையால் முதுகைத் தாங்கி, ஒரு கையால் தலையை மூடி. விடிந்ததும் வெயிலில் காட்டலாம் என்று பார்த்தேன். என் கையில்தான். அன்றைக்கு எங்களோடு இருந்தவன் நாச்சிமுத்து, பதினெட்டு வயசுப் பையன், அவனும் அழுதான், மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு அழுதான், அதை நான் பார்த்தேன். அப்படி அழுதவன்தான் பிறகு கோயில் முன்னால் அந்தச் சொல்லை எடுத்தான். அவன் முட்டையை நினைத்துத்தான் சொன்னான், எனக்குத் தெரியும், அவனுக்கு அவ்வளவு யோசனை கிடையாது. ஆனால் சொல் போய் எங்கே விழும் என்று சொல்லுகிறவன் பார்க்கவேண்டாமா? அதற்கப்புறம் என் வீட்டுக் கோழிகளுக்கு என் கையால்தான் அடை வைத்தேன். பதினேழு அடை. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. இந்த ஆறு பெட்டையும் அந்தக் கையில் வந்ததுதான். அதை ஒருவரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். ஒவ்வொரு குஞ்சையும் ஓட்டிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிக் காயவைக்கும்போது, பார், பார் என்று யாருக்கோ காட்டுவேன். யாருக்கு என்று தெரியாது. பாப்பாத்தி சமையல் பக்கத்தில் ஏதாவது வேலையாக இருப்பாள்.

இந்த மார்கழியில் ஒரு பயம் பிடித்தது. கோழி செத்த வாரத்திலேயே நாச்சிமுத்துவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது இங்கே கேட்கும், ஓட்டைப் பானையை உருட்டுவது மாதிரி. செத்துப்போய்விட்டால்? அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். பிறகு யாரிடம் கேட்பது? அவன் பெண்டாட்டியிடமா? மகளிடமா? அவன் படத்துக்கு முன்னால் நின்றா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடிகாலையில் எழுந்து முதலில் கோழிக்கு வெந்நீர் வைப்பேன், அப்படியே ஒரு சட்டியில் கரித்தணலை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து போய் அவன் கட்டிலுக்கடியில் வைப்பேன். கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு வருவேன், அவன் பெண்டாட்டி மூடிவிடுவாள், நான் திரும்பப் போய்த் திறப்பேன். "கதவு தொறந்தே இருக்கட்டும், இல்லாட்டி கோழி போன வழிதான்" என்றேன் அவளிடம். கோழிக்குத் தட்டுகிற மிளகில் ஒரு கை கூடுதலாகத் தட்டி, கருப்பட்டி போட்டுக் கஷாயம் பாப்பாத்தியிடம் கொடுத்தனுப்பினேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "தம்பி மேல இத்தன பாசமா?" என்றாள். பாசம்! எனக்கு எரிச்சல் வந்தது. பாசமும் இல்லை ஒன்றும் இல்லை, அவன் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வாய் திறக்கிற நிலையில் இருக்கவேண்டும். தையில் அவன் எழுந்து நடந்தான், ஜோசப் கடைக்கு வந்தான், வந்த முதல் நாளே என் கையைப் பேசினான். அந்தக் கை வைத்த தணலில் காய்ந்து எழுந்து வந்து பேசினான். அப்போதும் நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டாமல் இருக்கிற பலம் எத்தனை பேருக்கு உண்டு?

சத்தம். இதோ. வைக்கோல் ஒரு தரம் அழுந்தியது, அவள் பாதி எழுந்து நிற்கிறாள், கழுத்து விறைத்திருக்கிறது, பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டேன், கண்ணைச் சுருக்கி வாயை லேசாகத் திறந்திருக்கிறாள். டீ டம்ளரைப் பிடித்திருந்த என் கையும் இறுகியிருக்கிறது. நானும் மூச்சை அடக்கியிருக்கிறேன். மரத்தைப் பார், கிளையைப் பார், வெயிலைப் பார். கல்லில் எதுவோ தட்டியது. ஒரே ஒரு தட்டு, நகத்தால் தட்டியதுபோல். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் சாம்பலி கூடை விளிம்பில் ஏறி நின்று கேறினாள் பாருங்கள், கொக் கொக் கொக் கொக்கேய் என்று பள்ளத்தில் இருக்கிற வீடெல்லாம் கேட்கும்படி, கார்த்திகையிலிருந்து சேர்த்து வைத்ததை எல்லாம் ஒன்றாகக் கேறினாள். சேவலும் சேர்ந்துகொண்டான். நான் ஓடவில்லை. மெதுவாகத்தான் எழுந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது, கூண்டு வாசலில் மண்டியிட்டுக் கையை விட்டேன். கல் சில்லென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அது. வெயிலில் எடுத்துப் பார்த்தேன். சின்னதுதான், நீண்ட நாள் கழித்துப் போடுகிற முதல் முட்டை அப்படித்தான் இருக்கும். வெளிர்ப் பழுப்பு, நுனியில் ஒரு சொட்டு ரத்தக் கீறல், இன்னும் ஈரம் காயவில்லை. என்ன சூடு. கைக்குள் ஒரு உயிர் மாதிரி. இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

கேறல் கேட்டு வேலியோரம் வந்துவிட்டான். வெளியூர் போகிற சட்டை, மப்ளர், கையில் மருந்துச் சீட்டுப் பை, எட்டேகால் பஸ்ஸுக்குக் கிளம்பியவன். "என்ன மாமா, கேறுது?" என்றான். நான் வேலிக்குப் போனேன். "கைய நீட்டு." நீட்டினான். முட்டையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாசி எத்தன?" என்றேன். "பத்து." "ஜோசப் கட வரைக்கும் போலாமா, இங்கயே சொல்றயா?" அவன் முட்டையை உருட்டிப் பார்த்தான். "சூடா இருக்குதா?" என்றேன். "இருக்குதுங்." "இந்தச் சூடுதான் மாப்ள முட்டைக்குச் சூடு. இதுக்கு மேல போச்சுன்னா அது தாங்காது. எந்தக் கை எடுத்து வெச்சாலும் தாங்காது." அவ்வளவுதான் சொன்னேன். பானெட்டு என்று சொல்லவில்லை, தங்கையன் பேர் சொல்லவில்லை. அவன் காது மடல் சிவந்தது, மப்ளருக்குள்ளும் தெரிந்தது. முட்டையை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், கீழே போட்டுவிடுவானோ என்று நான் வேலிக்கு மேலாக என் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்தேன். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. பத்தொன்பது வருஷம், நான் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன், சாம்பலியைப் பார்க்காமல் இருந்ததுபோல் இதையும் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும், உற்றுப் பார்த்ததுதான் தப்பு. மேட்டில் பஸ் ஹாரன் அடித்தது. "பஸ்ஸு வந்துருச்சு மாமா" என்றான். முட்டையை என் கையில் திருப்பி வைத்தான், பொறுமையாக, நான் அடையில் வைப்பேனே அப்படி வைத்தான். இருமிக்கொண்டே மேட்டில் ஏறினான். பஸ் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பி, கண்டக்டர் விசில் அடிக்கிறார், ஜன்னலில் இருக்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், கத்தினான், "மாமா! அட வெச்சீங்கன்னா எனக்கு ரெண்டு பெட்டக் குஞ்சு! உங்க கையாலயே வெய்ங்க!" பஸ் போய்விட்டது.

பாப்பாத்தி எப்போது வந்து என் பின்னால் நின்றாள் தெரியவில்லை. "சொல்லீட்டானே" என்றாள். "என்னத்தச் சொன்னான்? கேட்டான். கேக்கறது வேற, சொல்றது வேற." "அவனுக்கு அவ்வளவுதான் வரும்." "வரட்டும். நான் இருக்கறன்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ராகிப் பானையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் இறக்கினாள், அடைக்கு முட்டை சேர்க்கிற பானை, கார்த்திகையிலிருந்து காலியாகக் கிடந்தது, அவள் எப்போதோ ராகியைச் சலித்துப் புதிதாகக் கொட்டி வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுப்புக் கரியால் முட்டையில் ஒரு கோடு போட்டேன், முதலாவது என்று. அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி ராகிக்குள் குழி செய்து வைத்தேன். அவள் குனியவில்லை. நிமிர்ந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து முட்டை சேர வேண்டும், பிறகு இருபத்தொரு நாள். இரண்டு பெட்டைக் குஞ்சு கொடுப்பேன், நல்லதாகப் பார்த்தே கொடுப்பேன், அவன் கூண்டில் ஒரு சாண் இடைவெளியும் நானே போய் விட்டுக் கொடுப்பேன். அவன் நன்றாக இருக்கட்டும். அந்தச் சொல்லை அவன் இன்னும் திரும்ப வாங்கவில்லை.